உப்பு-வினிகர், சீஸ்-வெங்காயம், அப்புறம் மற்றதெல்லாம்

வணக்கம். லண்டனில் எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்: உங்கள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன கிரிஸ்ப்ஸ், அதாவது பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்குச் சிப்ஸ், இருந்தது? முன்வரிசையில் இருந்து உடனே "மான்ஸ்டர் மன்ச்" என்று வருகிறது. பின்னால் ஒருவர் "ஸ்கிப்ஸ்" என்கிறார். முப்பது நாற்பது வருடம் கழித்தும் யோசிக்காமல் பதில் வருகிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் சொல்ல நினைப்பது இதுதான். பிரிட்டிஷ்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை அவர்களுடைய கிரிஸ்ப்ஸ் சுவைகளை வைத்தே சொல்லிவிடலாம். பல சாப்பாடுகள் மேசையை விட்டுப் போய்விட்டன, ஆனால் அவற்றின் சுவைத்தூள் மட்டும் பாக்கெட்டுக்குள் இன்னும் இருக்கிறது. எங்களைப் போல வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது தலைகீழாக நடந்தது. எங்களுக்கு முதலில் தெரிந்தது தூள், சாப்பாட்டைப் பிறகுதான் பார்த்தோம்.

ஆரம்பத்தில் சுவை என்று ஒன்றும் கிடையாது, உப்புதான். 1920இல் லண்டன் கிரிக்கிள்வுட்டில் ஃபிராங்க் ஸ்மித் தொடங்கிய ஸ்மித்ஸ் கிரிஸ்ப்ஸில், எண்ணெய் ஒட்டாத தாள் பைக்குள் உப்பு தனியாக ஒரு நீலக் காகிதத்தில் முறுக்கி வைத்திருக்கும். அதைத் தேடி எடுத்துப் பிரித்து, தூவி, பையைக் குலுக்கிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். எவ்வளவு உப்பு என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம். அந்தத் தலைமுறை வெள்ளைக்காரர்களிடம் கிரிஸ்ப்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அந்த நீலப் பொட்டலத்தைத்தான் சொல்வார்கள், சொல்லும்போதே கை தானாகக் குலுக்கும்.

சுவை வந்தது அயர்லாந்திலிருந்து. டப்ளினில் ஜோ மர்ஃபி 1954இல் தொடங்கிய டேட்டோ கம்பெனியில், ஷேமஸ் பர்க் என்ற ஊழியர் ஒரு மேசையில் வைத்து விதவிதமாகக் கலந்து பார்த்துப் பிடித்ததுதான் சீஸ்-வெங்காயச் சுவை. இங்கே அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது எடின்பரோவில் வில்லியம் அலெக்சாண்டர் என்ற பேக்கரிக்காரர் 1947இல் தொடங்கிய கோல்டன் வொண்டர். 1962இல் அவர்களுடைய சீஸ்-வெங்காயம் கடைக்கு வந்ததும் ஸ்மித்ஸ் சும்மா இருக்க முடியவில்லை. தங்கள் டியூடர் பிராண்டில் வடகிழக்கு இங்கிலாந்தில் உப்பு-வினிகரை விற்றுப் பார்த்துவிட்டு, 1967இல் நாடு முழுவதும் இறக்கினார்கள். லெஸ்டரின் வாக்கர்ஸ் கதை வேறு. அது இறைச்சிக் கடை. போருக்குப் பிறகும் இறைச்சிக்கு ரேஷன், காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும், மிச்ச நேரம் ஆட்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் 1948இல் உருளைக்கிழங்கைக் கையால் சீவிப் பொரிக்க ஆரம்பித்தார்கள். இன்று உலகத்தின் மிகப் பெரிய கிரிஸ்ப்ஸ் தொழிற்சாலைகளில் ஒன்று லெஸ்டரில் இருப்பதற்கு ரேஷன் ஒரு காரணம்.

சரி, ஏன் இந்தச் சுவைகள்? ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெங்காயம், இது பப்பில் மதியச் சாப்பாடு. வினிகரும் உப்பும் வெள்ளிக்கிழமை மீன் பொரியலோடு வரும் உருளைக்கிழங்குப் பொரியலில் தெளிப்பது. ரோஸ்ட் கோழியும் ரோஸ்ட் மாட்டிறைச்சியும் ஞாயிற்றுக்கிழமைக்கு, பேக்கன் என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி காலைச் சாப்பாட்டுக்கு. இறால் காக்டெய்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் லெட்டூஸ் இலை, மேலே இறால், அதற்கு மேலே தக்காளி சாஸும் மயோனைஸும் கலந்த இளஞ்சிவப்புக் குழம்பு. எழுபதுகளில் வெளியே சாப்பிடப் போனால் அதில்தான் தொடங்குவார்கள். இன்று அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் இளஞ்சிவப்புப் பாக்கெட் தொங்குகிறது. நான் அந்தச் சுவையைப் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன், உண்மையான கிண்ணத்தைப் பார்த்தது ஒரு கல்யாண விருந்தில், வளர்ந்து வேலைக்குப் போன பிறகு. ஒரு வாய் எடுத்ததும் "இது கிரிஸ்ப்ஸ் மாதிரி இருக்கிறதே" என்றுதான் சொன்னேன், எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது எங்கள் வீடுகளுக்கு மிக முக்கியமாக இருந்தது. அந்த இறால் பாக்கெட்டில் பெரும்பாலும் இறால் கிடையாது, பன்றி இறைச்சியே சேராத பேக்கன் சுவையும் பல இருந்தன. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான் என்ற வீட்டில் அம்மா பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். ஈஸ்ட் சாறு, வெங்காயத் தூள், சர்க்கரை, புகைவாசனை, சரி, சாப்பிடு. அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வினிகரும் அப்படித்தான், அசல் வினிகரைத் தெளித்தால் கிரிஸ்ப்ஸ் நமுத்துப்போகும், அதனால் சோடியம் டைஅசிட்டேட் மாதிரி உலர்ந்த உப்பாகச் சேர்க்கிறார்கள். நாக்கில் எச்சில் பட்டதும் புளிப்பு கிளம்பும். இந்தத் தூள்களைச் செய்த வேதியியல்காரர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அவர்கள் பெரிய கலைஞர்கள்.

இந்தச் சுவைத்தூள் கலைக்கு எல்லையும் கிடையாது. 1981இல் வேல்ஸின் வெல்ஷ்பூலில் ஒரு பப் உரிமையாளர் முள்ளெலிச் சுவையில் கிரிஸ்ப்ஸ் விற்றார். உள்ளே முள்ளெலி இல்லையே என்று விவகாரம் அரசின் நியாய வணிக அலுவலகம் வரை போனது.

உருளைக்கிழங்குச் சீவலை விட்டுவிட்டு வந்த வகைகள்தான் பிள்ளைகளின் ராஜ்ஜியம். குவேவர்ஸ் 1968, வாட்சிட்ஸ் 1970, விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கடிக்கும் ஹூலா ஹூப்ஸ் 1973, ஸ்கிப்ஸ் 1974, மான்ஸ்டர் மன்ச் 1977. ஸ்கிப்ஸ் மரவள்ளி மாவில் செய்வது, எங்கள் வடகத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். நாக்கில் வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம், பிறகு ஒன்றுமில்லை, கரைந்துவிடும். அதைக் கடிக்காமல் கடைசிவரை வைத்திருப்பது யார் என்று போட்டி நடக்கும். சாப்பிட்டு முடித்தால் காலிப் பாக்கெட்டும் வீணாகாது, ஓவன் அடுப்பில் வைத்தால் அச்சு அப்படியே இருக்க, பாக்கெட் சுருங்கிக் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிடும், ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டுவோம். இன்றைய உலோகப் பூச்சுப் பாக்கெட்டில் அந்த அழகு வருவதில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். மற்ற கம்பெனிகள் பலவற்றில் சீஸ்-வெங்காயம் பச்சை, உப்பு-வினிகர் நீலம். வாக்கர்ஸில் இது தலைகீழ். "சின்ன வயதில் வாக்கர்ஸும் ஒழுங்காகத்தான் இருந்தது, பிறகுதான் மாற்றினார்கள்" என்று சத்தியம் செய்கிறவர்கள் இந்த நாடு முழுக்க இருக்கிறார்கள், இங்கேயும் தலைகள் ஆடுகின்றன. நாங்கள் எப்போதும் மாற்றியதில்லை என்கிறது வாக்கர்ஸ். எனக்குத் தோன்றுவது, நம் நினைவில் இருப்பது கோல்டன் வொண்டர் பாக்கெட். வாக்கர்ஸ் நாடு முழுவதையும் பிடித்த பிறகு பழைய நினைவுகளையும் அதன் பெயரில் எழுதிவிட்டோம்.

2008இல் வாக்கர்ஸ் மக்களிடமே புதுச் சுவை கேட்டது. இறுதிக்கு வந்த ஆறில் ஒன்று வெங்காய பஜ்ஜி. வென்றது அது இல்லை, கட்டடத் தொழிலாளியின் காலைச் சாப்பாடு என்ற முட்டை-பேக்கன் சுவை வென்றது, அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் வெங்காய பஜ்ஜி அந்த வரிசையில் நின்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். ரோஸ்ட் மாட்டிறைச்சிக்கும் பேக்கனுக்கும் பக்கத்தில் ஒரு தெற்காசியப் பலகாரம், பஜ்ஜி என்றால் என்ன என்று விளக்காமலே எல்லோருக்கும் புரிகிற காலம் வந்துவிட்டது என்று அன்று கடை அலமாரி முன்னால் நின்று நினைத்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண்பது, தொண்ணூறுகளில் இந்த நகரத்தின் தெருமுனைக் கடைகளில் எத்தனையோ கடைகளை எங்கள் ஆட்கள்தான் நடத்தினார்கள். காலை ஐந்து மணிக்குக் கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையில் பெட்டி பெட்டியாகக் கிரிஸ்ப்ஸ் ஏற்றியவர்கள், பத்துப் பென்ஸ் ஸ்பேஸ் ரெய்டர்ஸை முன்வரிசையில் அடுக்கியவர்கள், பள்ளி விடும் நேரத்தில் எந்தச் சுவை முதலில் தீரும் என்று கணக்கு வைத்திருந்தவர்கள். நின்றுபோன சுவைகளின் பெயர் அவர்களுக்குத் தெரியும், எந்தத் தெருவில் எது ஓடியது என்றும் தெரியும். அந்த அப்பாக்களையும் அம்மாக்களையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இந்த வருடமே செய்யுங்கள். இங்கேயும் சிலர் இருக்கிறீர்கள். தேநீருக்குப் பிறகு முதலில் நீங்கள் பேசுங்கள்.