அரை டுகாட்டுக்கு ஓர் எலி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மகெல்லன் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலகை முதன்முதலாகச் சுற்றி வந்த கடற்பயணத்தைத் தொடங்கியவர். 1519 செப்டம்பர் 20 அன்று, ஸ்பெயினின் சான்லூகார் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்களில் ஏறத்தாழ 240 பேர் அவருடன் புறப்பட்டார்கள். அந்த 240 பேரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்களின் பெயர்கள் அழியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், ஸ்பெயின் அரசு ஆள்வாரியாகச் சம்பளக் கணக்கு எழுதி வைத்ததுதான்.

தேர்ந்த மாலுமிக்கு மாதம் 1200 மாரவேதி. மாரவேதி என்பது அந்நாள் ஸ்பெயினின் நாணயம். தொழில் பழகும் இளைஞனுக்கு 800. எடுபிடிப் பையன்களுக்கு 500. நான்கு மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைத்தது. அப்படியும் உள்ளூரில் ஆள் போதவில்லை. போர்த்துக்கீசியர், இத்தாலியர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள்.

விக்டோரியா என்ற கப்பலின் பட்டியலில் ஹுவான் தெ சுபிலேத்தா என்று ஒரு பையன். பில்பாவோ நகரை ஒட்டிய பரக்கால்தோ அவன் ஊர். இத்தகைய பையன்களின் வேலை என்ன தெரியுமா? தளத்தைக் கூட்டுவது, சாப்பாடு பரிமாறுவது, அரை மணிக்கு ஒருமுறை மணற்கடிகையைத் திருப்பி வைத்து, நேரத்தை உரக்கப் பாடிச் சொல்வது. நள்ளிரவில் ஒரு பையன் கண்ணயர்ந்து கடிகையைத் திருப்ப மறந்தால், கப்பல் எவ்வளவு தூரம் வந்தது என்ற மாலுமிகளின் கணக்கே தப்பிவிடும். நடுக்கடலில் காலத்தைக் காவல் காத்தவர்கள், மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய இந்தச் சிறுவர்கள்தான்.

மாலுமிகளுக்குத் தனி அறையோ கட்டிலோ கிடையாது. மேல்தளத்தில் இடம் கிடைத்த மூலையில் பாயை விரித்துப் படுப்பார்கள். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் ஹெர்னாந்தோ தெ புஸ்தமாந்தே என்ற நாவிதர். நம் கிராமங்களில் அந்த நாளில் நாவிதரே வைத்தியரும் ஆனதைப் போல, சவரக் கத்தியோடு ரணசிகிச்சையும் அவர் பொறுப்பு.

1520 நவம்பர் 28 அன்று மூன்று கப்பல்கள் பசிபிக் கடலில் நுழைந்தன. ஒன்று முன்பே உடைந்துபோயிருந்தது. இன்னொன்று ஸ்பெயினுக்கே திரும்பி ஓடிவிட்டது. எதிரே இருந்த கடல் எவ்வளவு பெரியது என்று கப்பலில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. கூடச் சென்ற இத்தாலியர் பிகாஃபெத்தா எழுதி வைத்திருக்கிறார்: மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவு எதுவும் இல்லை. ரொட்டி பொடிப்பொடியாகிப் புழு மொய்த்து, எலி மூத்திர நாற்றம் அடித்தது. தண்ணீர் மஞ்சளாகக் கெட்டுவிட்டது. பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் கயிறு தேயாமல் இருக்கச் சுற்றியிருந்த மாட்டுத் தோலை அவிழ்த்து, நான்கைந்து நாள் கடல்நீரில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றார்கள். மரத்தூளையும் தின்றார்கள். எலி அரை டுகாட் விலைக்கு விற்றது.

இந்த இடத்தில் சம்பளக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு டுகாட் என்பது 375 மாரவேதி. ஓர் எலியின் விலை ஏறக்குறைய 188. முழு மாதமும் உழைத்த மாலுமியின் சம்பளத்துக்கு ஆறு எலி. பையனின் சம்பளத்துக்கு மூன்றுகூட வராது. பட்டினியிலும் மேல்கீழ் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எதையும் நான் கண்டதில்லை.

பிறகு, புதிய காய்கனி கிடைக்காததால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கிப் பற்களை மூடிக்கொண்டது. வாயில் எதையும் வைக்க முடியவில்லை. பத்தொன்பது பேர் இறந்தார்கள். 1521 மார்ச் 6 அன்று குவாம் தீவைக் கண்டார்கள். தீவுக்காரர்கள் ஒரு படகை எடுத்துச் சென்றதற்காக, மகெல்லனின் ஆட்கள் நாற்பது ஐம்பது வீடுகளைக் கொளுத்தி ஏழு பேரைக் கொன்றார்கள். கப்பலில் கிடந்த நோயாளிகளோ, கொல்லப்படுபவர்களின் குடலைக் கொண்டுவாருங்கள், அதைத் தின்றால் குணமாகிவிடுவோம் என்று கெஞ்சினார்களாம். இவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது இவர்கள் செய்த கொடுமையை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்ட பிறகும் பயணம் ஏறத்தாழ பதினாறு மாதம் தொடர்ந்தது. விக்டோரியா 381 மூட்டை கிராம்புடன் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திரும்பியது. உப்பு இல்லாததால் இறைச்சி அழுகிவிட, மிஞ்சியது அரிசியும் தண்ணீரும்தான். கப்பல் ஒழுகியதால் இரவு பகலாகப் பம்பு அடிக்க வேண்டியிருந்தது. 1522 செப்டம்பர் 6 அன்று சான்லூகாருக்கு வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். சிறுவன் சுபிலேத்தாவும் நாவிதர் புஸ்தமாந்தேவும் அதில் இருந்தார்கள். ஐந்து கப்பல்களுக்கும் ஆன செலவை அந்த ஒரு கப்பலின் சரக்கே ஏறத்தாழ ஈடுகட்டியது.

கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகளில், இன்றைய இந்தோனேசியாவில், தங்கிவிட்ட இன்னொரு கப்பலான திரினிதாத்தின் ஆட்கள் கதை வேறு. அவர்களைப் போர்த்துக்கீசியர் சிறைபிடித்தார்கள். நம் பக்கத்துக் கொச்சியிலும் அவர்கள் கைதிகளாக இருந்தார்கள். ஐரோப்பாவுக்கு உயிரோடு திரும்பியவர்கள் நான்கைந்து பேர்தான். கப்பல் தலைவர் எஸ்பினோசா தன் சம்பள பாக்கியைக் கேட்டபோது, சிறையில் இருந்த காலத்தில் நீங்கள் அரசருக்கு வேலை செய்யவில்லையே என்று சொல்லி அந்தக் காலத்துக்கான சம்பளத்தை மறுத்தார்கள். ஹினேஸ் தெ மாஃப்ரா என்ற மாலுமி ஊருக்குப் போனால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி மனைவி மறுமணம் செய்துகொண்டிருந்தார். சொத்தும் கைவிட்டுப் போயிருந்தது. 1542-இல், மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்ட வில்யாலோபோஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் கப்பல்களில் மாஃப்ரா மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தார். அதே பசிபிக் கடலை இரண்டாம் முறை கடந்தார்.

வணக்கம்.