கடன் அல்ல, வெர்சாய்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1789 புரட்சியில் பிரான்சின் பூர்போன் அரச குலம் சரியப் பெரிதும் காரணம் கருவூலக் கடனா, வெர்சாய் அரண்மனையா? அரண்மனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். 1788இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போனது, அரசவைக்குப் போனது நூற்றுக்கு ஆறுதான் என்றார். கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் 1770இலும் கருவூலம் வற்றித்தான் கிடந்தது. நிதியமைச்சர் தெரே, கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதில் கைவைத்தார். அப்போது அரியணை கவிழ்ந்ததா? 1787இல் நிதியமைச்சராக இருந்த கலோன், நிலம் உள்ள எல்லாருக்கும் வரி போடலாம் என்று வழி சொன்னார். அதைத் தடுத்தவர்கள் யார்? அவர் கூட்டிய சபையில் உட்கார்ந்திருந்த பிரபுக்களும் மேற்குருமாரும்! மருந்து இருந்தது ஐயா, குடிக்க விடவில்லை.

அந்தப் பிரபுக்களை அப்படி வளர்த்தது எது? 1651 பிப்ரவரியில், அரசுக்கு எதிராகப் பிரபுக்களும் சேர்ந்து செய்த கலகத்தின் நடுவே, பாரிஸ் மக்கள் இரவில் பாலே ரோயால் மாளிகைக்குள் புகுந்தார்கள். பன்னிரண்டு வயது அரசன் ஓடிவிட்டானா என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். பதினான்காம் லூயி கண்ணை மூடிப் படுத்திருந்தான். அந்தச் சிறுவன் வளர்ந்து, தந்தையின் வேட்டை மாளிகையை விரித்துக் கட்டி, 1682இல் அரசவையையே பாரிசுக்கு வெளியே வெர்சாய்க்குக் கொண்டுபோனான். கலகம் செய்த குலங்களின் வாரிசுகள் அங்கே அரசன் உறங்கப் போகும்போது மெழுகுவர்த்தி பிடிக்கும் பெருமைக்குக் காத்து நின்றார்கள். ஓய்வூதியமும் பதவியும் அரசன் முகம் பார்த்தால்தான் கிடைக்கும். அடக்கும் தந்திரம் என்று இதைப் பாராட்டுகிறார்கள். பிரபுக்கள் அடங்கினார்கள், உண்மை. ஆனால் சலுகையைத் தவிர வேறெதையும் அறியாத கூட்டமாகவும் ஆனார்கள்.

தலைநகரை யாரிடம் விட்டுப் போனார்கள்? இதைத்தான் அவை கவனிக்க வேண்டும். அதே பாலே ரோயால் 1692இல் அரசனின் தம்பி வழியான ஒர்லேயான் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் பாரிசில் வேரூன்றினார்கள். மாளிகைத் தோட்டத்தைச் சுற்றிக் கடைகளும் காப்பிக் கடைகளும் வந்தன. ஒர்லேயான் கோமகனின் சொத்து என்பதால் காவலர்கள் எளிதில் நுழைய முடியாது. 1789 ஜூலை 12இல் கமிய் தெமுலேன் என்ற புரட்சிப் பேச்சாளர் மேசைமேல் ஏறி ஆயுதம் எடுக்க அழைத்தது அங்கேதான். இரண்டு நாளில் பாஸ்தீய் சிறைக்கோட்டை விழுந்தது. அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்த பெண்கள், அரசனையே பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். அரசன் எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

இன்னொரு சாட்சி, அந்தக் குலமே. 1814இல் அரியணைக்குத் திரும்பிய பதினெட்டாம் லூயி வெர்சாயில் குடியேறவில்லை, பாரிசின் துய்லரி மாளிகையில் இருந்தார். 1830இல் முடிசூடிய லூயி பிலீப், பாலே ரோயாலில் பிறந்த ஒர்லேயான் வாரிசு. அவர் 1837இல் வெர்சாயை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். கடன்தான் காரணம் என்றால், அந்தக் குலத்தவரே அந்த வீட்டில் வாழ ஏன் துணியவில்லை? எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.