வியாதியின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்

அன்பான சகோதர சகோதரிகளே,

சபையில் ஜெப விண்ணப்பம் கேட்கும் வேளையைக் கவனித்திருப்பீர்கள். இதய அறுவை சிகிச்சை, சிறுநீரகக் கல், மகளின் பிரசவம் எல்லாம் பெயரோடும் தேதியோடும் வரும். நடுவில் ஒரு தாய் எழுந்து, "வெளியே சொல்ல முடியாத ஒரு காரியத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். என் அம்மா பல ஆண்டுகள் அப்படித்தான் ஜெபம் கேட்டார். அந்தக் காரியம் என் அண்ணன். அவருக்கு மனச்சிதைவு நோய்; இல்லாத குரல்கள் கேட்பதும் இல்லாததைச் சந்தேகிப்பதுமாக வரும் மனநோய் அது. அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அம்மாவின் வாயைக் கட்டியது வெட்கம் மட்டுமல்ல, பயமும்தான். பெயரைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்விதான் அது: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? யோவான் 9ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டையும் மறுத்துவிட்டார். அப்படியும் அந்தக் கேள்வி நம் நாவை விட்டு இறங்கவில்லை. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுக்கும்போது, பெற்றவர்கள் தங்கள் கடந்த காலத்தையெல்லாம் கிளறிப் பார்க்கிறார்கள், எங்கே தவறினோம் என்று. சபை மட்டும்தான் குற்றம் சாட்டியது என்று நினைக்க வேண்டாம். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் தாயின் போக்கை இந்த நோயோடு முடிச்சுப் போட்டு எழுதினார். மருத்துவர்கள் பலர் நீண்ட காலம் அதை நம்பினார்கள், பிற்பாடுதான் கைவிட்டார்கள். பரம்பரைக் கூறுகள், மூளையின் வளர்ச்சி, வாழ்க்கையின் நெருக்கடிகள் என்று பலவும் கூடித்தான் இந்த நோய் வருகிறது. தாய்மார்களே, தகப்பன்மார்களே, அந்தப் பழியை இறக்கி வையுங்கள். கர்த்தர் அதை உங்கள்மேல் வைக்கவில்லை.

"இது பிசாசின் வேலை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையைப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் (முடங்கிப்போனவர்கள்) என்று தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடும் அவசரம் வேதத்துக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் ஊழியக்காரர், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார். அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்கள் தெளிவாகவே இருந்தார்; அதைச் சாட்சியாகக்கூடச் சொன்னார்கள். பிறகு தூக்கம் போனது, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தது, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த மருந்துகளை நிறுத்தியவுடன் எல்லோருக்கும் நோய் திரும்பிவிடுவதில்லை. பலருக்கு வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியைத்தான் பலர் சுகம் என்று எண்ணி ஏமாந்துபோகிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் விசுவாசியிடம் நாம் ஊசியை எறியச் சொல்வதில்லை. அண்ணனிடம் மட்டும் ஏன் சொன்னோம்?

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், ஓரேப் மலையில். சரீரத்தின் தேவையை முதலில் பார்த்த தேவன், மாத்திரையைக் கண்டு கோபப்படுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கீர்த்தனைகள் எழுதிய வில்லியம் கூப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1731இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கடுமையான மனநோய் அவரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். ஓல்னி என்ற ஊரில் போதகராக இருந்த ஜான் நியூட்டன் அவருடைய நண்பர். 1773இல் கூப்பரின் மனம் மறுபடியும் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று திடமாக நம்பினார். அதன் பிறகு அவர் ஆலய வாசலை மிதிக்கவே இல்லை. நியூட்டன் என்ன செய்தார் தெரியுமா? கூப்பரைத் தம் சொந்த வீட்டில் ஓராண்டுக்கும் மேல் வைத்துக் காத்தார். ஆராதனைக்கு வராத, ஜெபிக்க மறுத்த ஒருவரை ஒரு போதகர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார்! கூப்பர் முழுச் சுகம் பெறவில்லை. 1800இல் இறக்கும்வரை அந்த இருள் அவரை முற்றிலும் விடவில்லை. இந்தக் கதையில் அற்புத சுகம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சுகமாகிறவர்களைக் கொண்டாட நமக்குத் தெரியும். சுகமாகாதவரோடு எப்படி இருப்பது என்பதை நாம் நியூட்டனிடம் கற்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் வருகிறேன். ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடன் பணிசெய்தவர்களும் லண்டனில் நடத்திய ஆய்வுகள் முக்கியமானவை. ஓயாத குறைகூறலும் வெறுப்பும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மறுபடியும் வருவது அதிகம் என்று கண்டார்கள். குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தமல்ல. வீட்டில் நாம் பேசும் விதமும் வைத்தியத்தில் சேர்த்தி என்பதே அர்த்தம்.

இந்த ஆய்வையெல்லாம் அம்மா கேள்விப்பட்டதில்லை. குரல் கேட்கிறது என்று அண்ணன் சொன்னால், அப்படி எதுவும் இல்லை என்று அம்மா வாதாட மாட்டார். "எனக்குக் கேட்கவில்லை ராஜா, உனக்குக் கேட்கிறதே, பயமாகத்தான் இருக்கும்" என்பார். இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்து, அண்ணன் உள்ளங்கையில் வைப்பார். விழுங்கினாயா என்று கேட்டு அவமானப்படுத்த மாட்டார். தானும் தன் ரத்த அழுத்த மாத்திரையை அப்போதே போட்டுக்கொள்வார், ஒரே செம்புத் தண்ணீரில்.

அதே அம்மா சில நாட்கள் பின்கட்டில் நின்று அழுதும் இருக்கிறார். கவனித்துக்கொள்கிறவர்களுக்குக் கோபம் வரும், சலிப்பு வரும். 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல்களைப் போல அது துதியில் போய் முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் நம் முன்னோர் ஆராதனையில் பாடினார்கள். ஸ்தோத்திரம் சொல்ல வராத நாளில் அதைச் சொல்லி ஜெபியுங்கள், அதுவும் ஜெபம்தான்.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வசனம் சொல்லி மறித்துவிடாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மூப்பர்களிடம் ஒரு விண்ணப்பம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒருவர் போய் உட்கார வேண்டும். பிரசங்கம் வேண்டாம், எண்ணெய்க் குப்பியும் வேண்டாம். நோயுற்றவரோடு தாயம் விளையாடலாம், பேப்பர் வாசிக்கலாம். அந்த இரண்டு மணி நேரம் அந்தத் தாய் தூங்கட்டும், இல்லை தன் தங்கையைப் பார்த்துவிட்டு வரட்டும். வர மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருக்கும் சகோதரியிடம் பெயர் கொடுங்கள். நோட்டுப் புத்தகம் அவர் கையில் இருக்கிறது.