வில்லுக்கத்தி: மடியில் கிடக்கிற சின்ன அலகு

[காட்சி: கிளிநொச்சி, உரக்கடை வாசல்]

உர மூட்டையின் வாய்த்தையலைப் பிரிக்க ஒருவர் பல்லைக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் மோட்டார் சைக்கிள் திறப்பால் குத்துகிறார். கடைக்காரர் லாச்சியைக் கிண்டி உடைந்த பிளேட் துண்டு ஒன்றைத் தேடுகிறார். மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருவரிடமும் கத்தி இல்லை. இவர்களுடைய தாத்தாமார் வயலுக்குப் போகும்போது வெற்றிலை, பாக்கோடு ஒரு வில்லுக்கத்தியும், அதாவது அலகைப் பிடிக்குள் மடக்கி வைக்கிற சின்னக் கத்தியும், மடியில் போகும். அதை யாரும் ஆயுதமாக எண்ணியதில்லை.

[காட்சி: மேசையில் திறந்த கத்தி, மிகக் கிட்டவாக]

சரி, கத்தியைக் கவனமாகப் பாருங்கள். இதில் பூட்டு எதுவும் கிடையாது. பிடியின் முதுகோடு ஓடுகிற இந்த உருக்குப் பட்டைதான் வில். அலகின் அடிப்பாகம் ஓர் ஆணியில் சுழல்கிறது. ஆனால் அது முழு வட்டம் இல்லை, இரண்டு பக்கம் தட்டையாக அராவியிருக்கிறார்கள். அந்தத் தட்டையில் வில் வந்து உட்காரும்போதுதான் ‘டக்’ என்று கேட்கிறது. திறந்த அலகைத் திறந்தபடியும், மடித்ததை மடித்தபடியும் வைத்திருப்பது அந்த அழுத்தம் மட்டும்தான். ஆகவே வாங்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் மந்தமாக இருந்தாலோ, திறந்த அலகு பக்கவாட்டில் ஆடினாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிடி என்ன மரம், அலகில் யாருடைய முத்திரை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூட்டு இல்லாததால் இழுத்து அறுக்கலாம், குத்தக் கூடாது. குத்தும்போது நுனி எங்காவது தடைப்பட்டால் அலகு பின்னால் மடிந்து விரலில் இறங்கும். ரின்பால் பேணியைத் துளைக்க வில்லுக்கத்தியை ஓங்குகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கை கூசும்.

[காட்சி: அலுமாரி, பிரிக்காத ஒரு சிறு பெட்டி]

இன்றைக்கு வன்னியில் நல்ல மடக்குக்கத்தி பல வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. என்ன, அலுமாரிக்குள் இருக்கிறது. சுவிஸிலிருந்து வந்த மாமா தந்தது, பெட்டியோடு அப்படியே. சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை. கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை திறந்து, 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தப் படைக்கத்தியில் ஒரு திருப்புளியும் இருந்தது. சிப்பாய் தன் துவக்கைக் கழற்றிப் பூட்டுவதற்காக. 1897இல் வந்த அதிகாரிகள் கத்தியில் வைன் போத்தல் தக்கையை இழுக்கும் திருகும் சேர்ந்தது. இங்கே அந்தத் திருகுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நனைந்து இறுகிப்போன நைலோன் முடிச்சுக்குள் அதன் நுனியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் வலைக்கயிற்றோடு நிற்பவர்கள் அதை விடவே மாட்டார்கள்.

பிரான்ஸிலிருந்து வருவது பெரும்பாலும் மரப்பிடி போட்ட ஒப்பினெல். சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890 வாக்கில் செய்யத் தொடங்கியது. இதில் வில் இல்லை. மரத்தில் ஒரு பிளவு, அதற்குள் அலகு, கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல்தான் சேர்ந்தது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற மாரியில் இந்த மரம் ஈரம் குடித்து ஊதிவிடும், அலகு வெளியே வராது. பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிறகு விரலால் இழுக்கலாம். மாரிக்கு முன்னரே மூட்டில் எண்ணெய் ஊறவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

எதுவானாலும் அலுமாரியில் இருக்கிற கத்தியைவிட இடுப்பில் இருக்கிற மலிவுக் கத்தி மேல்.

[காட்சி: சாரம், இடுப்பு மடிப்பு]

ஆனால் சாரத்தில் பொக்கற் இல்லை. மடியில் செருகினால் வயல் வேலையில் வேர்வை முழுக்கக் கத்திக்குத்தான் போகும், இரண்டு நாளில் வில்லின் இடுக்கில் செந்துரு ஏறும். பழைய ஆட்கள் பனையோலைக் கொட்டப்பெட்டிக்குள் வெற்றிலையோடு போட்டு வைத்தது இதனாலும்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்தப் பெட்டி இல்லையென்றால் ஒரு துணிப்பை போதும். களிசான் போடுகிறவர்களுக்குக் கவலை இல்லை, திறப்புக் கோர்வையோடு மட்டும் சேர்த்துப் போடாதீர்கள். பிடி முழுக்கக் கீறல் விழும்.

[காட்சி: சுளகில் அவித்த பனங்கிழங்கு]

தை, மாசியில் இந்தக் கத்திக்கு என் கையில் ஓய்வே இல்லை. கிழங்கின் தோலை நகத்தாலேயே உரிக்கலாம். பிறகு தலைப்பக்கத்தில் அலகை அரை அங்குலம் இறக்கி லேசாகத் திருகினால் கிழங்கு நீளத்துக்குத் தானே பிளக்கும். உள்ளே இருக்கிற தண்டை நுனியால் தூக்கி எறிந்துவிட்டு, ஓரத்துத் தும்பை அலகுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடித்து இழுத்தால் நார் நாராகக் கழன்று வரும். இதை வெட்டுக்கத்தியால் செய்து பாருங்கள், தெரியும்.

மற்றபடி மாங்காய் சீவ, வயர் தோல் உரிக்க, ஆட்டுக்கயிறு அறுக்க, பட்டத்துக்குச் சிலாகை வழிக்க உதவும். நுங்கு, இளநீர், விறகுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஓலை வாருவதற்கு அம்மம்மாமாரின் சத்தகம் இருக்கிறது, அதன் இடத்தை இது பிடிக்க முடியாது.

[காட்சி: கறுத்த அலகு ஒன்று, மின்னும் அலகு ஒன்று]

கரி உருக்கு அலகு மாங்காய்ப் புளி பட்டதும் நீலம், சாம்பல் என்று கறுக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அந்தக் கறுப்பு செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்குத்தான் சரி, உப்புக்காற்றோடு மல்லுக்கட்ட முடியாது. மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நல்லெண்ணெய் விட்டால் நாளாக ஆகப் பிசின்போல் இறுகி, கத்தி திறக்கவே முரண்டு பிடிக்கும்.

தீட்டுக்கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு ஏறாத சொரசொரப்பான விளிம்பு தெரியும். அதில் தண்ணீர் தெளித்து, அலகைப் படுக்கையிலிருந்து ஏறக்குறைய 20 பாகை உயர்த்தி, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். பழுத்த தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்ததும் இறங்கினால் போதும்.

[காட்சி: கத்தி மடிக்கப்படுகிறது]

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வாள்வெட்டுச் செய்தி வாசித்து வாசித்து நம்மூரில் கத்தி என்றாலே ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்ப்பதில் பிழையும் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனத்துக்குள், பள்ளிக்கூடம், நீதிமன்றம், ஆஸ்பத்திரிக்கு இது வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். பஸ்ஸில் சும்மா திறந்து மூடி விளையாடாதீர்கள். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடித்துக் கொடுங்கள், அல்லது கீழே வையுங்கள், அவர் எடுக்கட்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெட்டுக்காயம் வராது என்பதற்காகவாவது கேட்கலாம்.

இலண்டனிலிருந்து லீவில் வந்திருக்கும் மருமகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறீர்களா? இங்கிலாந்தில் மடங்கக்கூடிய, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கத்தியைத்தான் காரணம் காட்டாமல் வெளியே கொண்டு திரியலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டம். வளையம் போட்ட ஒப்பினெல் அதற்குள் அடங்காது, நம் வில்லுக்கத்தி சின்னதாக இருந்தால் அடங்கும். விமானத்துக்குக் கைப்பையில் வைத்துவிட வேண்டாம், ஏற்றி அனுப்புகிற பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.