ரேடியாலஜியா, ஓஜியா? காட்பாடி ஹவுஸ் சர்ஜன் கேட்ட கேள்வி

அடுத்த கேள்வி காட்பாடில இருந்து ஒரு தங்கச்சி. எம்பிபிஎஸ் கடைசில பயிற்சி டாக்டரா, அதாவது ஹவுஸ் சர்ஜனா இருக்காங்க. "சார், மேல்படிப்புக்கான நீட் பிஜி பரீட்சைல என் ரேங்க்குக்கு ஸ்கேன், எக்ஸ்ரே பாக்கற ரேடியாலஜி கிடைக்கும். எனக்குப் பிடிச்சது ஓஜி, அதாவது மகப்பேறு. அப்பா, 'ராத்திரி ஃபோன் வராததா எடு, நாலு காசும் வரணும்'ங்கிறார். எதை எடுக்கட்டும்?"

சரிம்மா. முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் என் பேச்சுல எவ்ளோ கழிச்சுக்கணும்னு தெரியும். நான் மயக்க மருந்து டாக்டர். வேலூர், ஆற்காடு, குடியாத்தம்னு எந்த நர்சிங் ஹோம் கூப்பிட்டாலும் போறவன். 20 வருஷமா எல்லா சர்ஜனையும் பேஷண்ட் தலைமாட்டுல நின்னு பாத்துட்டேன். ஆபரேஷன் முடிஞ்சா பழக்கூடை அவங்களுக்கு. என்னைப் பாத்தா, "இன்னா சார், நீதான முதுவுல ஊசி போட்ட?"ன்னு கேப்பாங்க. எனக்கு அது ஒத்துப்போச்சு. நாலு பேர் கும்பிடணும்னு நினைக்கறவங்க இந்தப் பக்கம் வந்தா நொந்துடுவாங்க.

ரேடியாலஜின்னா பணம்ங்கறாங்க. யாருக்கு? மெஷின் யாரோடதுன்னு பாரும்மா. சொந்தமா சிடி, எம்ஆர்ஐ போட்டா கோடிக்கணக்குல கடன். இன்னொருத்தர் சென்டர்ல உக்காந்தா சம்பளம், அல்லது ரிப்போர்ட்டுக்கு இவ்ளோன்னு. அப்புறம், வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லக்கூடாதுன்னு 1994-ல வந்த பிஎன்டிடி சட்டம். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப் எழுதணும், அதுல ஒரு கட்டம் விட்டுப்போனாலும் கேள்வி வரும். ராத்திரி ஃபோன் வராதுன்னு அப்பா நினைக்கிறாரே, ஹைவேஸ்ல ஆக்சிடென்ட் ஆகி வர்ற தலைக்காய சிடியை யார் பாக்கறது? இப்பல்லாம் வீட்டு லேப்டாப்புக்கே படம் வந்துடுது, அவ்ளோதான் வித்தியாசம்.

ஓஜிக்கு வர்றேன். நான் போற ஒரு ஊர்ல ஒரு மேடம், தனியாவே நர்சிங் ஹோம் நடத்தறாங்க. கூடப் பொறந்தவங்க கல்யாணத்துலகூட முகூர்த்தம் முடிஞ்சதும் சாப்பிடாம கிளம்பி வந்தவங்க. நல்லா சம்பாதிக்கிறாங்க, செலவு பண்ணத்தான் நேரமில்ல. இன்னொரு ஊர்ல ரெண்டு மேடம் சேந்து நடத்தறாங்க. ஒரு நாள் இவங்க, மறுநாள் அவங்க. டியூட்டி இல்லாதவங்க ஃபோனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறாங்க. பணம் பங்கு பிரியும்தான். ஆனா ரெண்டு பேருமே பிள்ளைங்க ஆண்டு விழாவுக்குப் போய் உக்காந்து பாத்திருக்காங்க. ஒரே படிப்பு, ஒரே மாதிரி ஊர். பக்கத்துல யாரைச் சேத்துக்கிட்டாங்கங்கறதுதான் மாறுது. அப்பாகிட்ட இதைச் சொல்லு. அவர் காசுன்னு பேசறாரே தவிர, பொண்ணு தூக்கம் கெடக்கூடாதேங்கற கவலைதான் உள்ள இருக்கு.

பிடிச்சிருக்குன்னியே, அதைத்தான் நான் சந்தேகப்படுவேன். போஸ்டிங்ல சீஃப் நல்லவரா இருந்தா பாடமே பிடிச்சுடும். முதல் குழந்தையைக் கையில வாங்கினவங்க எல்லாருக்கும் ஓஜி பிடிக்கும்மா. ராத்திரி 3 மணி, பிரசவமாகி ரத்தம் நிக்கல, பிளட் பேங்குக்கு ஆள் ஓடிக்கிட்டிருக்கு, கதவுக்கு வெளிய சொந்தக்காரங்க சத்தம். அப்படி ஒரு ராத்திரி பாத்திருப்பே. மறுநாள் காலைல லேபர் வார்டுக்குப் போக கால் நடந்துச்சா, இழுத்துச்சா?

நம்ம ஊர் கதை ஒண்ணு சொல்லணும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர் இருந்தாங்க. அவங்க ஆசைப்பட்டதும் உன்னை மாதிரி மகப்பேறுதான். 1954-ல கார் விபத்து, இடுப்புக்குக் கீழ செயல் போச்சு. சக்கர நாற்காலில உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, இங்கயே அந்தப் பிரிவுக்குத் தலைவரானாங்க. 1966-ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்துச்சு. படிக்கும்போது அவங்க லிஸ்ட்லயே இல்லாத பிரிவு அது. அதனால, பிடிக்காததுல மாட்டிப்பமோன்னு ரொம்பப் பயப்படாத. செய்யச் செய்யவும் பிடிக்கும்.

என்னைக் கேட்டா, அந்த ராத்திரிக்கு அப்புறமும் கால் நடந்துச்சுன்னா ஓஜி எடு. இழுத்துச்சுன்னா ரேடியாலஜி, கூசவே வேண்டாம். சீட் எடுக்கற கவுன்சிலிங்குக்கு முன்னாடி, ஓஜில இருக்கற 45 வயசு மேடம் ஒருத்தரோட ஒரு முழு நாள் இருந்து பாரு. இப்ப பிஜி படிச்சுக்கிட்டிருக்கற அக்காங்களைக் கேக்காத, அவங்க தூக்கமில்லாம எரிச்சல்ல இருப்பாங்க.

அடுத்து ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி, எம்பிபிஎஸ் முடிச்சதும் கிளினிக் போடலாமான்னு கேட்டிருக்கார்.