மாதம் 30 ரூபாய் வேலை: இராமானுஜனும் மதராஸ் துறைமுகமும்

(காட்சி: துறைமுகத்தின் பழைய வரைபடம்)

1912 மார்ச் 1 அன்று, மதராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். அதற்கு முன் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிகமாக இருந்திருந்தாலும், எஃப்.ஏ. என்னும், பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டமில்லாமல் நின்ற அவருக்கு நிலையாக அமைந்த முதல் வேலை இதுதான்.

அதற்கு முன்பே வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு அவர் போனபோது, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் அங்கே துணைக் கலெக்டராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயர், இராமானுஜனின் கணித நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த இளைஞரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் முடக்க மனமில்லாமல் அறிமுகக் கடிதங்களோடு மதராஸுக்கு அனுப்பினார். பிறகு நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சிறிது காலம் தாங்கினார்.

(காட்சி: இரண்டு கற்பலகைகள்)

எனினும், வேலையில் சேர்ந்தபின் அவரை வளர்த்தவர் என்று நான் முதலில் சொல்வது, துறைமுகத்தின் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயரைத்தான். திருச்சியில் கணிதம் கற்பித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். அவருடைய திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பலகையோடு இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். பலப்பம் உரசும் சத்தம் வீட்டாருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டே வரிகளில் தாவிவிடும் இராமானுஜனை, மற்றவர்களுக்கும் புரியும்படி பத்து வரியாக விரித்து எழுதச் சொன்னார் ஐயர். பாராட்டியவர்கள் பலர் இருந்தார்கள். கூடவே உட்கார்ந்து இப்படி வற்புறுத்தியவர்கள் அரிது.

மதராஸும் இராமானுஜனுக்குப் புதிதல்ல. 1906இலேயே பச்சையப்பன் கல்லூரியில் படிக்க வந்து, திருவல்லிக்கேணியின் சந்துகளையும் கும்பகோணத்து நண்பர்களின் அறைகளையும் அறிந்திருந்தார். வேலையில் சேர்ந்தபின் ஜார்ஜ் டவுனில், அலுவலகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில், சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். தங்க இடமும் தெரிந்த முகங்களும் தேடி அலைய வேண்டியிராததால், அலுவலகம் போக மிஞ்சிய நேரமெல்லாம் கணிதத்துக்குக் கிடைத்தது. காகிதம்தான் கிடைக்கவில்லை, துறைமுகத்தில் பொட்டலம் சுற்றிய தாள்களைப் பொறுக்கி அதில் கணக்குப் போட்டார்.

நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கப்படுத்த, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் இராமானுஜன். அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது.

(காட்சி: துறைமுகம், புறப்படும் கப்பல்)

1914 மார்ச் 17 அன்று, தாம் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பிரியும் முன் நாராயண ஐயர் அவரிடம் கேட்டது ஒன்றுதான் என்று ஐயரின் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்: உன் பலகையை எனக்குக் கொடு, என்னுடையதை நீ எடுத்துக்கொள்.