நிக்கோடிமஸ்: 14 பேரா, 700 பேரா?

அடுத்த கேள்விக்கு வர்றேன். "அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல நிக்கோடிமஸ்னு ஒரு ஊர், அடிமைத்தனத்துல இருந்து விடுதலையான கறுப்பின மக்கள் உருவாக்கினதுன்னு சொல்றாங்க. மக்கள் தொகை ஒரு இடத்துல 14னு இருக்கு, இன்னொரு இடத்துல 700னு இருக்கு. அன்இன்கார்ப்பரேட்டட்னும் போட்டிருக்கு. அப்படின்னா என்ன, எந்த எண்ணை நம்புறது?"

முதல்ல அன்இன்கார்ப்பரேட்டட். அந்த ஊருக்குன்னு சட்டப்படி ஒரு நகராட்சி கிடையாது, அவ்வளவுதான். மேயர் இல்ல, நகர மன்றம் இல்ல, நகர வரி இல்ல. சாலையைக் கவுண்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி) அதுக்குள்ள இருக்கிற டவுன்ஷிப்புங்கிற சின்னப் பிரிவும் பார்த்துக்கும், காவலுக்குக் கவுண்டி ஷெரிஃப். வீடு இருக்கும், சர்ச் இருக்கும், பேரு வரைபடத்துல இருக்கும். ஆனா ஊர் இங்க ஆரம்பிச்சு இங்க முடியுதுன்னு சட்டப்படி ஒரு எல்லைக்கோடு இருக்காது. உங்க குழப்பம் பூரா இங்கிருந்துதான் வருது. எல்லை இல்லாத ஊருக்குத் தலை எண்ணணும்னா யாராவது ஒரு கோட்டைப் போட்டாகணும். யார் போட்டாங்கன்னு தெரியாம எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா தப்பாத்தான் போகும்.

14ங்கிறது 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு எண். சென்சஸ் பீரோ இந்த மாதிரி ஊர்களுக்குப் புள்ளிவிவரத்துக்காக மட்டும் ஒரு எல்லை வரையும். அதுக்கு சென்சஸ் டெசிக்னேட்டட் பிளேஸ், சுருக்கமா சி.டி.பி.ன்னு பேரு. சட்டத்துல அதுக்கு எந்த மதிப்பும் இல்ல, அடுத்த கணக்கெடுப்புக்கு முன்னாடி மாத்தியும் வரையலாம். நிக்கோடிமஸ்ங்கிற பேர்லயே ஒரு டவுன்ஷிப்பும் இருக்கு, அது பண்ணை நிலங்கள் எல்லாம் சேர்ந்த பல பத்து சதுர மைல். ஊர் வேற, டவுன்ஷிப் வேற. ரெண்டையும் கலந்து எழுதினவங்கதான் அதிகம்.

அந்த 14ஐயும் ஒரு தலை கூடக் குறையாத கணக்கா எடுத்துக்காதீங்க. 2020ல தனிநபர் விவரம் வெளிய தெரியக்கூடாதுன்னு சென்சஸ் பீரோ கணித முறையில எண்கள்ல கொஞ்சம் ஏத்த இறக்கத்தைத் தெரிஞ்சே சேர்த்துச்சு. மாநிலத்தோட மொத்த மக்கள் தொகை அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ கவுண்டி, ஊர், பிளாக்னு (கணக்கெடுப்புல இருக்கிறதுலயே சின்னப் பகுதி) போகப் போக மாறும். லட்சம் பேர் இருக்கிற ஊர்ல நாலு பேர் கூடினாக் குறைஞ்சா யாருக்கும் தெரியாது. 14ல நாலுன்னா கால்வாசிக்கு மேல. ஆனா ஒவ்வொரு பிளாக்லயும் மொத்தம் எத்தனை வீடுங்கிற எண்ணை அவங்க மாத்தல. அதனால சின்ன ஊர்னா மக்கள் தொகையோட வீட்டு எண்ணிக்கையையும் எடுத்து வச்சுக்கோங்க. மொத்தம் பத்து பேரு, ஆனா நாப்பது வீட்ல ஆள் குடியிருக்காங்கன்னு வந்துச்சுன்னா ஏத்த இறக்கம் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இப்போ அந்த 700. இதுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும்.

1877. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல நடந்த மறுசீரமைப்புக் காலம் முடிஞ்சு, மத்திய அரசோட படைகள் விலகின வருஷம். டபிள்யூ. ஆர். ஹில்னு ஒரு வெள்ளைக்கார நில வியாபாரியும், டபிள்யூ. எச். ஸ்மித்னு ஒரு கறுப்பின அமைப்பாளரும் சேர்ந்து நிக்கோடிமஸ் டவுன் கம்பெனின்னு ஆரம்பிச்சாங்க. கென்டக்கியில லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கம் துண்டுப் பிரசுரம் போச்சு. ஜூலையில ஒரு சின்ன கூட்டம், செப்டம்பர்ல முந்நூறு பேருக்கு மேல ஒரு பெரிய கூட்டம். எல்லிஸ்ங்கிற ஊர் வரைக்கும் ரயில், அங்கிருந்து ரயில் பாதை இல்லாத புல்வெளி. வந்து பார்த்தா மரமும் இல்ல, வீடும் இல்ல. சாலமன் ஆத்துக்குப் பக்கத்துல மேட்டைக் குடைஞ்சு, மேல புல்கத்தையும் மண்ணும் போட்டு மூடின குழி வீடுகள்தான். விதைக்கிற பருவம் போயாச்சு, உழவு மாடு, குதிரை எல்லாம் விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு பகுதி பேர் வந்த கையோட திரும்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க மண்வெட்டியால நிலத்தைக் கொத்தித்தான் அடுத்த வருஷ விதைப்பைப் பார்த்தாங்க. அந்த முதல் குளிர்காலத்துல வேட்டைக்குப் போய்த் திரும்பின ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்துட்டுப் போனதும் பதிவாகியிருக்கு.

அரசு நிலத்தைக் குடியேறுறவங்களுக்குக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தை இங்க கவனிங்க. ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், அஞ்சு வருஷம் அந்த நிலத்துலயே குடியிருந்து பயிர் பண்ணினாத்தான் இலவசப் பட்டா. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதாவது நாலே நாலு குடும்பம். நூறு குடும்பம்னா இருபத்தஞ்சு சதுர மைல் வேணும். கடைத்தெருவுல வீடு கட்டிக் குடியிருந்தா பட்டா கிடைக்காது. அப்போ 1880கள்ல அறுநூறு, எழுநூறுன்னு சொல்ற எண் ஊருக்குள்ள இருந்தவங்க எண்ணா இருக்கவே முடியாது. சுத்துப்பட்டுப் பண்ணைகள் எல்லாம் சேர்ந்த மொத்தக் குடியேற்றம் அது. அதைக் கொண்டுபோய் இன்னைக்குள்ள சி.டி.பி. எல்லைக்குள்ள இருக்கிற 14 பக்கத்துல வச்சு "98 சதவீதம் குறைஞ்சுபோச்சு"ன்னு போடுற படங்கள் இணையத்துல சுத்துது. அளவுகோலே வேற, அப்புறம் என்ன சதவீதம்?

அதுக்காக ஊர் தேயலன்னு சொல்ல வரல. நல்லாவே தேய்ஞ்சுச்சு, காரணம் ரயில். 1880கள் நடுவுல அங்க கடைகள், ஹோட்டல், ரெண்டு பத்திரிகை எல்லாம் இருந்துச்சு. 1886ல வெஸ்டர்ன் சைக்ளோன், 1887ல நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ். இந்தக் குடியேற்றத்துல வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882 தேர்தல்ல கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராவே ஜெயிச்சார். 1887ல மிசௌரி பசிபிக் ரயிலை ஊருக்குக் கொண்டுவர 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் கொடுக்க ஓட்டுப் போட்டாங்க. பேச்சு முறிஞ்சுச்சு. 1888ல யூனியன் பசிபிக் பாதை வந்தது, ஆனா ஆத்துக்குத் தெக்கால, சில மைல் தள்ளி. கடைக்காரங்க கட்டடத்தைக் கூடப் பெயர்த்துக்கிட்டு பாதை ஓரத்துக்குப் போயிட்டாங்க. அந்த இடம்தான் இன்னைக்குள்ள போக்ங்கிற ஊர். தானியத்தை ரயில்ல ஏத்துற இடத்துலதான் கடை நிக்கும், அதுல உணர்ச்சிக்கு இடமில்ல. அப்புறம் 1930கள்ல புழுதிப் புயலும் பொருளாதாரச் சரிவும். 1953ல தபால் நிலையம் மூடினாங்க, 1960ல பள்ளிக்கூடம்.

இந்த மாதிரி ஊரோட எண்ணை நீங்களே தேடணும்னா சில இடத்துல கால் தடுக்கும். 1890 கணக்கெடுப்புத் தாள்கள் வாஷிங்டன்ல 1921ல நடந்த தீ விபத்துக்கு அப்புறம் பெரும்பாலும் இல்லாமப் போச்சு. ஊர் உச்சத்துல இருந்து சரிஞ்ச பத்து வருஷம் அப்படியே ஓட்டை. கன்சாஸ் விஷயத்துல ஒரு அதிர்ஷ்டம், மாநிலமே தனியா 1885லயும் 1895லயும் கணக்கெடுத்திருக்கு, 1925 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒருதடவை. அதுல "கன்சாஸுக்கு எங்கிருந்து வந்தார்"னு ஒரு தனிக் கட்டமே உண்டு. கென்டக்கின்னு போட்டிருக்கிற வரிகளைத் தொடர்ந்து போனா யார் அந்தக் கூட்டத்தோட வந்தவங்கன்னு பிரிச்சிடலாம். தாளோட தலைப்புல டவுன்ஷிப் பேரு இருக்கும், அதனால நிக்கோடிமஸ்னு பார்த்தா அது ஊரா டவுன்ஷிப்பான்னு கவனிங்க.

நிலப் பட்டாவைப் பார்க்கிறவங்க இன்னொண்ணை மறந்துடுறாங்க. இலவசப் பட்டா கிடைச்சது அஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சவங்களுக்குத்தான். மனு போட்டுட்டு மூணாவது வருஷம் விட்டுட்டுப் போனவங்க பட்டாப் பட்டியல்ல இருக்க மாட்டாங்க. அவங்களைப் பிடிக்கணும்னா மனு பதிவான டிராக்ட் புக்கைப் பார்க்கணும். தபால் முகவரியையும் நம்பாதீங்க. தபால் நிலையம் போனதுக்கு அப்புறம் நிக்கோடிமஸ் வீட்டுக்குக் கூடப் பக்கத்து ஊர் பேர்லதான் கடிதம் வரும், முகவரியை வச்சு எண்ணினா அந்த மக்கள் அந்த ஊர்க் கணக்குல போய் விழுவாங்க. தனிநபர் பேரோட இருக்கிற மத்திய அரசுத் தாள்கள் 72 வருஷம் கழிச்சுத்தான் வெளிய வரும். இப்போதைக்குக் கடைசியா வந்தது 1950து, 2022 ஏப்ரல்ல திறந்தாங்க.

இன்னொரு நண்பர் கீழயே கேட்டிருக்கார், "ஜூலையில அங்க நூத்துக்கணக்கான பேர் கூடுறதா படம் பார்த்தேனே"ன்னு. உண்மைதான். விடுதலை நாள் கொண்டாட்டமா ஆரம்பிச்சது, இப்போ ஹோம்கமிங்னு ஜூலை கடைசி வாரக் கடைசியில நடக்குது. முதல்ல குடியேறினவங்களோட வாரிசுகள் நாடு பூரா இருந்து வருவாங்க. ஆனா கணக்கெடுப்புல ஒருத்தர் பெரும்பாலும் எங்க தங்கித் தூங்குறாரோ அந்த ஊர்லதான் சேருவார், தேதியும் ஏப்ரல் 1. அதனால இந்தக் கூட்டம் எந்த எண்லயும் வராது. என்னைக் கேட்டா, அந்த 14ஐ மட்டும் போட்டு "பேய் ஊர்"னு எழுதுறது சோம்பேறித்தனம். 1996ல இருந்து அது தேசிய வரலாற்றுத் தலம். டவுன்ஷிப் ஹால், ரெண்டு சர்ச், பழைய ஹோட்டல், பள்ளிக்கூடம்னு அஞ்சு கட்டடம் அதுல சேரும்.

எழுதும்போது இப்படி எழுதுங்க: "2020 கணக்கெடுப்பு, சி.டி.பி. எல்லைக்குள் 14." பழைய எண்ணுன்னா ஊரா, டவுன்ஷிப்பா, மொத்தக் குடியேற்றமான்னு பக்கத்துலயே போடுங்க. மூலத்துல அது சொல்லலன்னா அந்த எண்ணை விட்டுடுங்க.

போய்ப் பார்க்கணும்னா யு.எஸ். 24 நெடுஞ்சாலை மேலயேதான் ஊர் இருக்கு. 1939ல சுண்ணாம்புக் கல்லுல கட்டின டவுன்ஷிப் ஹால்தான் வரவேற்பு மையம். பெட்ரோலையும் சாப்பாட்டையும் ஹில் சிட்டியிலயோ ஸ்டாக்டன்லயோ முடிச்சுட்டுப் போங்க. சரி, அடுத்த கேள்வி.